லினக்ஸ் கர்னலின் சீரியல் போர்ட் டிரைவர்கள்: பழுதுபார்ப்பின் வரலாறு குறித்து ஒரு விமர்சனம்

லினக்ஸ் கர்னல் உருவாவதற்கு முன்பே அதன் சீரியல் போர்ட் நிரல் உருவாகிவிட்டது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், வீட்டிலிருந்து மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியைத் தொடர்புகொள்ள ஒரு முனைய நிரலை எழுதினார். அதில் இரண்டு பணிகள் மாறி மாறி ஓடின. ஒன்று விசைப்பலகையில் தட்டுவதை மோடத்துக்கு அனுப்பியது. மற்றொன்று மோடத்திலிருந்து வருவதைத் திரையில் காட்டியது. பிறகு இறக்கிய கோப்புகளைச் சேமிக்க வட்டு டிரைவர் தேவைப்பட்டது, அதற்குக் கோப்பு முறைமை தேவைப்பட்டது. அப்படி வளர்ந்ததுதான் இன்றைய கர்னல்.

முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பகுதி இன்னும் பழுதுபார்க்கப்பட்டு வருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வியப்பளிக்கும். சீரியல் போர்ட் என்பது ஒரு நேரத்தில் ஒரு பைட்டை வாங்கி ஒரு பைட்டைக் கொடுக்கும் எளிய சாதனம். நுண்செயலிப் பாடத்தில் 8251 சில்லைப் படித்த மாணவர் எவரும் அதற்கு ஒரு பக்கத்தில் நிரல் எழுதிவிடுவார். பிறகு ஏன் இத்தனை திருத்தங்கள்?

இக்கட்டுரை அத்திருத்தங்களில் முக்கியமான சிலவற்றை விமர்சன நோக்கில் படிக்கிறது. சில்லுகளின் குறைகளைச் சமாளிப்பதில் லினக்ஸ் நன்றாகவே செயல்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் 'இந்த இடையகத்தை இந்தக் கணத்தில் தொடும் உரிமை யாருக்கு' என்ற கேள்விக்கு விடை எழுதிவைக்காமல் செய்த திருத்தங்கள் சில, பல ஆண்டுகள் கழித்துப் பாதுகாப்பு ஓட்டைகளாகத் திரும்பி வந்தன. 2009இல் நடந்த புகழ்பெற்ற மோதலைப் பலரும் இரு மனிதர்களின் குணமோதலாகவே எழுதிவிட்டார்கள். நிரலை எடுத்துப் படித்தால் வேறு கதை தெரிகிறது.

சில்லும் நேரமும்

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் சீரியல் அட்டையில் நேஷனல் செமிகண்டக்டரின் 8250 என்ற சில்லு இருந்தது. அதற்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் கொடுக்கப்பட்டது. அதை 16ஆல் வகுத்தால் 115200 வரும். இன்றும் சீரியல் கன்சோலைத் திறக்கும்போது நாம் தட்டும் 115200 என்ற எண் அங்கிருந்து வந்ததுதான். ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், நிறுத்த பிட் உட்பட 10 பிட்டுகள். ஆக, முழு வேகத்தில் நொடிக்கு 11520 பைட்டுகள், அதாவது ஒரு பைட்டுக்குச் சுமார் 87 மைக்ரோநொடி.

இந்த 87 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது பெரும்பாலும் எளிதாகப் புரியும். 8250 சில்லில் வந்த பைட்டை வைத்திருக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. சில்லு குறுக்கீடு அனுப்பிய பிறகு 87 மைக்ரோநொடிக்குள் கர்னல் வந்து எடுக்காவிட்டால் அடுத்த பைட் முந்தையதன் மேல் விழுந்துவிடும். இதற்குத் தீர்வாக வந்த 16550 சில்லில் 16 பைட் வரிசை இடையகம் இருந்தது. ஆனால் அந்த முதல் பதிப்பில் இடையகமே பழுது. திருத்திய பதிப்பு 16550ஏ. லினக்ஸ் டிரைவர் இதை மறக்கவில்லை. சில்லு தன்னை வெறும் 16550 என்று அடையாளம் காட்டினால், டிரைவர் அதன் இடையகத்தை ஒரு பைட்டாகவே கணக்கில் கொள்கிறது. 16550ஏ என்றால் மட்டுமே 16 பைட்டை நம்புகிறது. 8 பைட்டுகள் சேர்ந்ததும் குறுக்கீடு அனுப்பும்படி அமைக்கிறது. மீதி 8 இடங்கள் நிரம்பச் சுமார் 0.7 மில்லிநொடி ஆகும். கர்னலுக்குக் கிடைக்கும் மூச்சுவிடும் நேரம் அவ்வளவுதான்.

ஆரம்ப ஆண்டுகளில் இந்த டிரைவரைப் பொறுப்பேற்று வளர்த்தவர் தியோடர் ட்சோ. 2.5 வரிசையில், 2002இல், ரஸ்ஸல் கிங் அதைப் பிரித்து எழுதினார். எல்லாப் போர்ட்டுகளுக்கும் பொதுவான வேலை ஒரு மையக் கோப்புக்குச் சென்றது. சில்லுக்கே உரிய வேலை மட்டும் தனித்தனி டிரைவர்களில் நின்றது. ஏஆர்எம் கணினிகள் பெருகிய காலத்தில் இந்தப் பிரிப்பு இல்லாதிருந்தால் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நகல் டிரைவர் முளைத்திருக்கும். இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகச் சிறந்த திருத்தம் இதுவே என்று நினைக்கிறேன்.

குற்றப் பட்டியல்

8250 டிரைவரின் தலைப்புக் கோப்பில் 'பக்' என்ற சொல்லைத் தாங்கிய கொடிகள் சில வரிசையாக நிற்கின்றன. ஒன்று, வேக வகுஎண்ணின் கடைசி பைட்டைச் சரியாகக் கையாளாத சில்லுக்கு. ஒன்று, அனுப்பும் குறுக்கீட்டை இயக்கியவுடன் வரவேண்டிய அறிவிப்பைத் தராத சில்லுக்கு. இன்னொன்று, மோடம் நிலைப் பதிவகம் நம்பமுடியாத சில்லுக்கு. வேறொன்று, 'அனுப்பும் இடம் காலி' என்ற குறுக்கீட்டை மறுமுறை எழுப்பத் தவறும் சில்லுக்கு. மற்றொன்று, இடையகம் இயங்கும்போது பாரிட்டியைத் தவறாகக் கணிக்கும் சில்லுக்கு.

நூற்றுக்கணக்கான தயாரிப்பாளர்கள் '8250க்கு ஒத்தது' என்று சொல்லி விற்ற சில்லுகளின் குற்றப் பட்டியல் இது. இதை நேர்மையான நிரல் என்றே சொல்வேன். ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெயர், ஒரு சோதனை, ஒரு மாற்றுவழி இருக்கின்றன. எடுத்துக்காட்டாக, காலி என்ற குறுக்கீட்டை மறக்கும் சில்லைப் போர்ட் திறக்கும்போதே சோதித்துக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் ஒரு நேரங்காட்டியை ஓடவிடுகிறது டிரைவர். சில்லு மறந்தாலும் நேரங்காட்டி வந்து எட்டிப்பார்க்கும்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. உயிரோடு இருக்கும் வன்பொருளைச் சீண்டிச் சோதிப்பது எப்போதும் பாதுகாப்பானதல்ல. அனுப்பும் குறுக்கீட்டுக்கான சோதனை சாதாரணச் சில்லுகளில் சரியாக ஓடியது. ஆனால் வலைவழியே சீரியல் போர்ட்டைப் போலிசெய்யும் இன்டெல்லின் மேலாண்மை வன்பொருளில் அதுவே சிக்கலை உண்டாக்கியது. ஆகவே 'இந்த வன்பொருளில் அந்தச் சோதனையைச் செய்யாதே' என்று இன்னொரு கொடி சேர்க்கப்பட்டது. மருந்துக்கு ஒரு மருந்து.

சினாப்சிஸின் டிசைன்வேர் யூஆர்ட் இன்னும் வேடிக்கையானது. விலைமலிவான பல ஏஆர்எம் சில்லுகளின் உள்ளே இருப்பது இதுதான். வரிக் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் எழுதும்போது சில்லு வேலையாக இருந்தால், எழுதியதை அது பேசாமல் புறக்கணித்துவிடும். கூடவே ஒரு குறுக்கீட்டையும் எழுப்பும். டிரைவர் இதற்குச் செய்த ஏற்பாடு, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பது. பொருந்தவில்லையெனில் இடையகத்தைக் காலிசெய்து மீண்டும் எழுதுவது. இப்படி ஆயிரம் முறை வரை. ஏன் ஆயிரம், ஏன் நூறு அல்ல என்பதற்கு நிரலில் காரணம் இல்லை. வேலை செய்கிறது என்பது மட்டுமே அதன் நியாயம். மறுமுனையிலிருந்து தரவு ஓயாமல் வந்துகொண்டிருந்தால் ஆயிரமும் தீர்ந்துபோகலாம் என்பதைப் படிக்கும்போதே உணரலாம்.

ராஸ்பெர்ரி பை வைத்திருக்கும் மாணவர்கள் இதற்கு உறவான ஒரு சிக்கலைக் கண்டிருப்பார்கள். பை 3இல் முழுமையான யூஆர்ட் புளூடூத்துக்குப் போய்விட்டது. கன்சோலுக்கு மிஞ்சியது 'மினி யூஆர்ட்'. அதன் வேகம் மையக் கடிகாரத்தைச் சார்ந்தது. கடிகாரம் ஏறி இறங்கினால் திரையில் வருவது கிறுக்கல். இதற்கான தீர்வு டிரைவருக்கு வெளியே இருக்கிறது. அமைவுக் கோப்பில் சீரியல் போர்ட்டை இயக்கும் வரியை எழுதினால் மையக் கடிகாரம் ஒரே வேகத்தில் நிறுத்தப்படும். சீரியல் போர்ட்டுக்காக முழுச் சில்லின் கடிகாரத்தைக் கட்டிப்போடுவது அழகான தீர்வு அல்ல. இருந்தாலும் இதில் மறைவு ஏதும் இல்லை. என்ன விலைக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிகிறது.

யாருக்குச் சொந்தம்

சில்லின் குறை ஒரு கொடியோடு முடிந்துவிடும். கடினமான பகுதி சில்லுக்கு மேலே இருக்கிறது. யூனிக்ஸ் மரபில் டிரைவருக்கும் பயனர் நிரலுக்கும் நடுவே 'லைன் டிசிப்ளின்' என்ற ஓர் அடுக்கு உண்டு. பின்னழிப்பு விசையை அழுத்தினால் எழுத்து அழிவது, கண்ட்ரோல்-சி அழுத்தினால் நிரல் நிற்பது, தட்டியது திரையில் எதிரொலிப்பது எல்லாம் அதன் வேலை. இந்த அடுக்கை உண்மையான சீரியல் போர்ட்டுகள் மட்டுமல்ல, போலி முனையங்களும் பயன்படுத்துகின்றன. முனையச் சாளரம் ஒன்றைத் திறந்தாலோ, எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினியில் நுழைந்தாலோ அங்கே ஒரு போலி முனையம் பிறக்கிறது. மேசைக்குப் பின்னால் ஒன்பது ஊசிப் போர்ட் இல்லாத கணினியிலும் இந்த நிரல் நாள்முழுக்க ஓடுகிறது. 'பழைய சமாச்சாரம், யாருக்கு வேண்டும்' என்று இதை ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் அதுவே.

இந்த அடுக்கு எழுதப்பட்ட காலத்தில் கணினியில் ஒரே செயலி. போர்ட் தாய்ப்பலகையில் திருகி வைக்கப்பட்டிருந்தது. பல செயலிக் கணினிகள் வந்தபோது 1996இன் 2.0 பதிப்பு கர்னல் முழுவதையும் ஒரே பெரிய பூட்டுக்குள் வைத்தது. மற்றப் பகுதிகள் மெல்ல மெல்ல அந்தப் பூட்டிலிருந்து வெளியேறின. முனைய அடுக்கு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்த பகுதிகளில் ஒன்று. இதற்கிடையில் யுஎஸ்பி சீரியல் கம்பிகள் வந்துவிட்டன. நிரல் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும்போதே பயனர் கம்பியைப் பிடுங்கிவிடுவார். போர்ட் போய்விட்டது, ஆனால் அதற்கான நினைவகத்தை இன்னும் மூன்று இடங்கள் சுட்டிக்கொண்டிருக்கின்றன. யார் அதை விடுவிப்பது? எப்போது?

2008இல் இந்தப் பாழடைந்த வீட்டைச் செப்பனிடும் வேலையை ஏற்றவர் ஆலன் காக்ஸ். ஒவ்வொரு முனையத்துக்கும் எத்தனை பேர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணும் முறையை அவர் கொண்டுவந்தார். பெரிய பூட்டைச் சிறிது சிறிதாக விலக்கினார். யாரும் விரும்பாத, பாராட்டும் கிடைக்காத வேலை. அவர் இல்லாவிட்டால் பின்னால் வந்த எந்தத் திருத்தமும் சாத்தியமாகியிருக்காது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அடுத்து வருவது அவருடைய ஒரு மாற்றத்தின் மீதான விமர்சனம்.

2009 ஜூலை

போலி முனையத்துக்கு இரண்டு முனைகள். ஒன்றில் எழுதினால் மற்றதில் படிக்கலாம். பழைய நிரலில், ஒரு முனையில் எழுதும்போதே மறுமுனையின் லைன் டிசிப்ளின் நேரடியாக அழைக்கப்பட்டது. இதனால் ஒரு முனையின் பூட்டு விதிகளோடு மறுமுனையின் விதிகள் மோதின. சில சூழல்களில் கர்னல் தன் பூட்டிலேயே சிக்கிக்கொண்டது. 2.6.31 உருவாகிக்கொண்டிருந்த 2009 ஜூலையில் ஆலன் காக்ஸ் இதை மாற்றினார். உண்மையான சீரியல் டிரைவர் பைட்டுகளை எந்த இடையகத்தில் போடுகிறதோ, போலி முனையமும் அதிலேயே போடட்டும்; பின்னணிப் பணி ஒன்று அதை எடுத்து மறுமுனைக்குச் சேர்க்கட்டும். வடிவமைப்பாகப் பார்த்தால் இது சுத்தமானது. இரண்டு வகை முனையங்களுக்கும் ஒரே வழி.

ஆனால் நடைமுறையில் சில நிரல்கள் உடைந்தன. ஈமேக்ஸ் தன் துணை நிரலின் வெளியீட்டைப் போலி முனையம் வழியாகப் படிக்கும். வெளியீட்டின் கடைசிப் பகுதி சில நேரம் காணாமல் போனது. கேடிஈயின் கேடிஈசு நிரலிலும் சிக்கல் வந்தது. காரணம் இதுதான். துணை நிரல் எழுதி முடித்துத் தன் முனையை மூடிவிடுகிறது. எழுதியது இன்னும் இடையகத்தில் காத்திருக்கிறது. பின்னணிப் பணி இன்னும் ஓடவில்லை. அதற்குள் படிப்பவர் வந்து பார்க்கிறார். 'மறுமுனை மூடிவிட்டது' என்ற செய்தி மட்டும் கிடைக்கிறது, திரும்பிப் போய்விடுகிறார். முன்பு எழுதுவதும் சேர்வதும் ஒரே செயலாக இருந்ததால் இந்த இடைவெளியே இல்லை.

பயனர் நிரல்கள் உத்தரவாதம் இல்லாத ஒரு நடத்தையை நம்பியிருந்தன என்பது ஆலன் காக்ஸின் வாதம். நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஓடாவிட்டால் தவறு கர்னலுடையதே என்பது டோர்வால்ட்ஸின் வாதம். அஞ்சல் பட்டியலில் சொற்கள் தடித்தன. 2009 ஜூலை 28 அன்று ஆலன் காக்ஸ் முனைய அடுக்கின் பராமரிப்புப் பொறுப்பைத் துறந்தார். பின்னர் அப்பொறுப்பு கிரெக் குரோவா-ஹார்ட்மனிடம் சென்றது. 2.6.31 செப்டம்பர் 9 அன்று வெளிவந்தது.

இந்தக் கதை வழக்கமாக இங்கே முடிக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் ஆதரவாளர்கள் உண்டு. 'பயனரை உடைக்காதே' என்ற விதி வென்றது என்று ஒரு சாரார்; திறமையான ஒருவரைக் கடுஞ்சொல்லால் இழந்தோம் என்று மறுசாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. விதி என்ற அளவில் டோர்வால்ட்ஸ் சொன்னதே சரி. எழுதப்பட்ட தரவு மூடுவதற்கு முன் எழுதப்பட்டதென்றால், அது படிப்பவருக்குக் கிடைத்தே தீரவேண்டும். ஆனால் விவாதம் முழுவதும் தரவு தொலைவது என்ற வெளித்தெரிந்த அறிகுறியைச் சுற்றியே நடந்தது. இடையகம் இப்போது வேறு விதமாகப் பயன்படுகிறது, அதன் பழைய அனுமானங்கள் இன்னும் செல்லுமா என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

அந்த இடையகம் ஒரு வன்பொருள் டிரைவருக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் போடுபவர் எப்போதும் ஒருவரே; குறுக்கீடு வரும், டிரைவர் தன் போர்ட்டின் பூட்டோடு பைட்டுகளைப் போடும். 'போடுபவர் ஒருவரே' என்பது எங்கும் எழுதப்பட்ட விதியாக இல்லை. பழக்கமாக இருந்தது. போலி முனையத்தில் அந்தப் பழக்கம் பொய்த்தது. பயனர் நிரல் எழுதுவதும் அதே இடையகத்துக்குப் போகிறது. வந்த எழுத்தை லைன் டிசிப்ளின் எதிரொலிப்பதும் அதே இடையகத்துக்குப் போகிறது. எதிரொலிக்கும் பாதை ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. வெளியீட்டை மாற்றாமல் அப்படியே அனுப்பும் பயன்முறையில், எழுதும் பாதை அந்தப் பூட்டைப் பிடிக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் 'இன்னும் இடம் இருக்கிறது' என்று பார்த்துவிட்டு, இருவரும் எழுதினால், இடையகத்தின் எல்லை தாண்டிவிடும்.

2014 மே மாதம் இது வெளியே வந்தது. அதன் எண் சிவிஇ-2014-0196. கணினியில் சாதாரணக் கணக்கு உள்ள எவரும் கர்னலை வீழ்த்தவோ நிர்வாகி உரிமையைப் பிடிக்கவோ முடியும் என்ற நிலை. பிழை எப்போது நுழைந்தது என்று தேடியபோது விரல் சுட்டியது 2.6.31இன் அந்த ஜூலை மாற்றத்தை, அதாவது மோதலுக்குக் காரணமான அதே மாற்றத்தை. அத்தனை கண்கள் அதன் மேல் இருந்தும் ஐந்து ஆண்டுகள் யாரும் பார்க்கவில்லை. பீட்டர் ஹர்லி எழுதிய திருத்தம் மிகச் சிறியது. எழுதும் அழைப்பைச் சுற்றி அதே பூட்டைப் பிடித்து விடுவது, அவ்வளவுதான்.

தரவு தொலையும் பழைய சிக்கலும் முழுதாகத் தீரவில்லை. மறுமுனை மூடிய பிறகு, படிக்க வேண்டிய தரவு மிச்சம் இருக்கும்போதே பிழைச் செய்தி திரும்பும் போட்டிப் பிழையை 2015இல் ஹர்லி மறுபடியும் திருத்த வேண்டியிருந்தது. தன் மாற்றக் குறிப்பில் எந்தச் செயலி எந்த வரிசையில் எதைச் செய்தால் தரவு தொலையும் என்று இரண்டு நிரல்களாகப் பிரித்துக் காட்டினார். 2009இன் அஞ்சல்களில் வாதம் இருந்தது, சூடு இருந்தது. இப்படி ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தால் பாதிச் சண்டை தேவைப்பட்டிருக்காது என்று இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் எவருக்கும் தோன்றும்.

இன்னொரு ஜூன்

2009இல் நுழைந்த மற்றொரு திருத்தமும் இதே வகையைச் சேர்ந்தது. எச்டிஎல்சி என்ற ஒத்திசைவுத் தொடர்புமுறைக்கான லைன் டிசிப்ளினில் ஒரு குறை இருந்தது. இடையகத்தைக் காலிசெய் என்று பயனர் கேட்டால் அது செய்யவில்லை. ஜூன் மாதம் அந்த வசதி சேர்க்கப்பட்டது. கேட்டால் நியாயமான வேலை. ஆனால் அனுப்பிக்கொண்டிருக்கும் இடையகத்தை ஒரு தனிச் சுட்டி காட்டிக்கொண்டிருந்தது. அனுப்பும் பாதையும் காலிசெய்யும் புதிய பாதையும் ஒரே நேரத்தில் அந்தச் சுட்டியைப் பார்த்தால், ஒரே இடையகம் காலிப் பட்டியலில் இருமுறை சேரும். பிறகு இருமுறை விடுவிக்கப்படும்.

எச்டிஎல்சி வன்பொருள் வைத்திருப்பவர்கள் உலகில் மிகச் சிலர். ஆனால் அந்த வன்பொருள் தேவையே இல்லை. யாராவது ஒரு போலி முனையத்தைத் திறந்து, 'இதற்கு எச்டிஎல்சி லைன் டிசிப்ளினைப் போடு' என்று கேட்டால் போதும். கர்னல் அந்தக் கூறைத் தானே தேடி ஏற்றிக்கொள்ளும். எவரும் பயன்படுத்தாத நிரல் எல்லோருடைய கணினியிலும் ஓடக் காத்திருந்தது. 2017இல் அலெக்சாண்டர் போபோவ் இதைக் கண்டுபிடித்தார். சிவிஇ-2017-2636 என்று எண் பெற்றது. எட்டாண்டு வயதான பிழை. அதை வெளிக்கொணர்ந்தது மனிதக் கண் அல்ல. கர்னல் அழைப்புகளைத் தாறுமாறாகக் கலந்து அனுப்பிப் பார்க்கும் சிஸ்காலர் என்ற கருவி.

போபோவின் திருத்தத்தை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்பேன். பிழை நடக்கும் இடத்தில் ஒரு பூட்டைச் செருகிவிட்டு அவர் போகவில்லை. அந்தத் தனிச் சுட்டியையே நீக்கினார். கையால் எழுதப்பட்ட பட்டியலுக்குப் பதில் கர்னலின் வழக்கமான பட்டியலைப் போட்டார். அனுப்ப முடியாத இடையகம் மீண்டும் வரிசையின் தலைக்கே போகும். எந்த நேரத்திலும் ஓர் இடையகம் ஒரு பட்டியலில் மட்டுமே இருக்கும். யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை இப்போது நிரலின் வடிவத்திலேயே இருக்கிறது.

தானாக ஏற்றும் பழக்கத்துக்குக் கடிவாளம் வர மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2019இன் 5.1 பதிப்பில், சிறப்புரிமை இல்லாத பயனர் கேட்டு லைன் டிசிப்ளின் கூறுகள் ஏறுவதைத் தடுக்கும் ஓர் அமைவு வந்தது. தாமதம் என்பது என் குறை. 2017இல் கதவு எங்கே திறந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அறையில் இருந்த பொருளைச் சரிசெய்தார்கள், கதவை அப்படியே விட்டார்கள்.

பூட்டுகளின் கதைக்கு ஒரு பின்குறிப்பு. 2010இல் ஆர்ண்ட் பெர்க்மன் முனைய அடுக்கைக் கர்னலின் பெரிய பூட்டிலிருந்து பிரித்து, அதற்கென்றே ஒரு பெரிய பூட்டைக் கொடுத்தார். கேலிக்கு இடமான திருத்தம்தான். பெரிய பூட்டுக்குப் பதில் இன்னொரு பெரிய பூட்டு. ஆனால் அதனால்தான் 2011இன் 2.6.39இல் கர்னலின் பெரிய பூட்டை முற்றிலும் நீக்க முடிந்தது. 2012இல் அந்த முனையப் பூட்டை முனையத்துக்கு ஒன்றாகப் பிரிக்கும் மாற்றத்தை அனுப்பியவர் ஆலன் காக்ஸ். பொறுப்பைத் துறந்தவர் வேலையைத் துறக்கவில்லை.

கன்சோல் என்னும் கடைசித் தடை

கர்னல் விழும்போது கடைசிச் சொல்லைச் சீரியல் கன்சோலில்தான் எழுதுகிறது. வலையும் வட்டும் திரையும் செயலிழந்த பிறகும் எஞ்சியிருப்பது அந்த ஒரு கம்பி. ஆகவே கன்சோலில் எழுதும் நிரல் யாரையும் நம்பாது. குறுக்கீடுகளை அணைத்து, போர்ட்டின் பூட்டைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தும் போய்ச் சேரும்வரை பதிவகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும். 87 மைக்ரோநொடியை இங்கே நினைவுகொள்க. நூறு எழுத்துள்ள ஒரு வரிக்கு ஏறத்தாழ 8.7 மில்லிநொடி. அவ்வளவு நேரம் ஒரு செயலி வேறெதற்கும் செவிசாய்க்காது.

சாதாரணக் கணினியில் இது தெரியாது. ஓர் இயந்திரக் கையை மில்லிநொடிக்கு ஒருமுறை கட்டுப்படுத்தும் கணினியில் இது ஏற்கமுடியாதது. நிகழ்நேர லினக்ஸ் திட்டம் இருபது ஆண்டுகளாக மையக் கர்னலுக்குள் முழுமையாக வரமுடியாமல் நின்றதற்கு இறுதியில் எஞ்சிய பெரிய தடை இந்த அச்சிடும் நிரலே. முனைய அடுக்கின் மற்றத் திருத்தங்களைவிட இது வேறு வகைச் சிக்கல். இரண்டு நியாயமான தேவைகள் நேருக்கு நேர் நிற்கின்றன. விழும் கர்னல் உடனே எழுத வேண்டும். ஓடும் கர்னல் எழுதுவதற்காக நிற்கக் கூடாது. ஜான் ஒக்னெஸும் அவருடன் உழைத்தவர்களும் எடுத்த வழி, மேலே சொன்ன சொந்தக் கேள்வியை நேரடியாக எதிர்கொண்டது. கன்சோலின் உரிமைக்கு முன்னுரிமைப் படிகள் வகுத்தார்கள். சாதாரண நேரத்தில் எழுதுபவரிடமிருந்து அவசர நேரத்தில் எழுதுபவர் உரிமையைப் பறிக்கலாம். பறிகொடுத்தவர் அதைப் பாதுகாப்பான இடத்தில் உணர்ந்து விலகிக்கொள்வார். யார், எப்போது, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது.

2024 செப்டம்பரில், வியன்னாவில் நடந்த ஒரு கருத்தரங்கின்போது, தாமஸ் கிளைக்ஸ்னர் நிகழ்நேர ஆதரவை இணைக்கும் கோரிக்கையைத் தாளில் அச்சிட்டு, தங்கநிறத் தாளில் சுற்றி டோர்வால்ட்ஸின் கையில் கொடுத்தார். அது நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் இடம்பெற்றது. ஆனால் அப்பதிப்பு வெளிவந்தபோதும் 8250 டிரைவர் அந்தப் புதிய கன்சோல் முறைக்கு மாறியிருக்கவில்லை. நிகழ்நேரக் கர்னலில் அதன் எழுத்துகள் தனி இழை ஒன்றுக்குத் தள்ளிவிடப்பட்டன. அந்த இழை பழைய முறைப்படியே, ஓர் எழுத்துக்கு 87 மைக்ரோநொடி வீதம், பதிவகத்தைப் பார்த்தபடி அச்சிட்டுக்கொண்டிருந்தது.